நாள் குறித்துக் கொடுத்தவள்

கடலடியில் எவ்வளவு எண்ணெய் கிடக்கிறது என்று கணித்துச் சொல்வது சுஜாந்தினியின் தொழில். டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகத்தில், காற்றாலை இறக்கைகளை அடுக்கி வைத்திருக்கும் வெளியைப் பார்த்தபடி அவளுடைய அலுவலகம் இருந்தது. படிப்பு முடித்த நாளிலிருந்து அங்கேதான் வேலை. சிறுமியாக யாழ்ப்பாணத்திலிருந்து போருக்குத் தப்பித் தாயோடு வந்தவள். இப்போது அவளுக்குக் கனவுகூட டெனிஷில்தான் வரும். ஆனாலும் கூட்டங்களில் அவள் வாய் திறந்தால் யாராவது ஒருவர் கைத்தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அவளுடைய கணக்குகளை மேலதிகாரி மொர்டன் எடுத்துக்கொண்டு போய்ப் பெரியவர்களுக்கு விளக்குவார். அவளை விளக்கச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.

ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் லுவேரா என்ற சின்ன நாட்டின் கடலில் அவளுடைய நிறுவனத்துக்கு ஒரு சிறு பங்கு இருந்தது. பெரிய பங்கு வேறொரு வெளிநாட்டு நிறுவனத்தின் கையில். எண்ணெய் எங்கள் சனத்துக்கே என்று சொல்லித் தேர்தலில் நின்ற கட்சி ஒன்று லுவேராவில் வென்று ஆட்சிக்கு வந்தது. எண்ணெய்த்துறை அமைச்சரானவர் செலஸ்த். அரசியலுக்கு வருமுன் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்த பெண். எஸ்பியர்க்குக்கு முதல் தடவை வந்தபோதே, கூட்டத்தில் மொர்டன் விளக்கிக்கொண்டிருக்க, "இந்தக் கணக்கைச் செய்தது யார்? அவர் பேசட்டும்," என்று செலஸ்த் சொல்லிவிட்டார். அப்படித்தான் இருவருக்கும் பழக்கமானது. செலஸ்தின் மகள் இவோன் டென்மார்க்கிலேயே படித்துக்கொண்டிருந்ததால் செலஸ்த் அடிக்கடி வந்துபோனார்.

மூன்றாவது தடவை வந்தபோது, ஹோட்டல் சாப்பாடு அலுத்துப்போயிற்று, உன் வீட்டில் சாப்பிடலாமா என்று அவரே கேட்டார். ஓகஸ்ட் மாதம். சுஜாந்தினியின் மகள் மிதுஷா அப்போதுதான் எஃப்டர்ஸ்கோலவுக்கு, அந்த ஒரு வருட விடுதிப் பள்ளிக்கு, போயிருந்தாள். வீடு வெறிச்சென்று கிடந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் கணவன் துஷாந்தன் அன்று லீவு எடுத்து நண்டுக்கறி வைத்தான். செலஸ்த் சட்டைக் கையை மடித்துவிட்டு நண்டுக்காலைப் பல்லால் உடைத்தார். "நண்டைக் கத்தியால் தொடுகிற மாப்பிள்ளைக்கு எங்கள் ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள்," என்று அவர் சொல்ல, துஷாந்தன் தன் கையிலிருந்த கத்தியை மெல்ல மேசைக்குக் கீழே கொண்டுபோனான். தாயோடு வந்திருந்த இவோன் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சாப்பிட்ட பிறகு இவோனும் துஷாந்தனும் பாத்திரம் கழுவ, மற்ற இருவரும் பின் தோட்டத்தில் போய் இருந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை.

"எங்களோடு வந்துவிடு," என்றார் செலஸ்த். "எங்களுக்கென்று ஒரு எண்ணெய் நிறுவனம் தொடங்கப்போகிறோம். அடியில் என்ன இருக்கிறது என்று பொய் சொல்லாமல் சொல்ல ஒரு ஆள் வேண்டும்."

"எப்போது?"

"அடுத்த வருடம் வரைக்கும் பேரம் பேசுவோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் பேரம் பேசப்போவதில்லை. செப்டெம்பர் கடைசியில் பாராளுமன்றத்துக்குச் சட்டம் வருகிறது. வாக்கெடுப்பு முடிந்த அன்றே கிணறுகள் எங்களுடையவை. மந்திரிசபைக்கு வெளியே இது யாருக்கும் தெரியாது." பிறகு அவளுடைய முழங்கையைத் தொட்டுச் சொன்னார். "நீ ஓடிவந்த பிள்ளை. உனக்கு விளங்கும்."

சுஜாந்தினிக்கு விளங்கியது. அன்றிரவு அவளுக்கு மனது நிறைந்திருந்தது. தன்னை நம்பி ஒரு நாட்டின் இரகசியத்தைச் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்ற நிறைவு.

திங்கட்கிழமை அலுவலகத்தில் லுவேராவைப் பற்றிக் கூட்டம். லுவேராக்காரர்கள் வருகிற கோடை வரைக்கும் பேசிக்கொண்டேதான் இருப்பார்கள் என்றார் மொர்டன். ஒருவர் அமைச்சரின் ஆங்கிலத்தைப் போலிசெய்து காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். சுஜாந்தினி கணக்கொன்றைச் சொல்லத் தொடங்கினாள். பக்கத்திலிருந்தவர் கைத்தொலைபேசியை எடுத்தார்.

"கோடை வரைக்கும் இல்லை," என்றாள். "செப்டெம்பர் கடைசியில் சட்டம் வருகிறது."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. மொர்டன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. நிச்சயமா என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். கூட்டம் முடிந்ததும் தன் கையாலேயே கோப்பி ஊற்றிக்கொண்டு வந்து அவள் மேசையில் வைத்தார்.

அது வாய் தவறி வந்தது என்று பிறகு அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆனால் அது அத்தோடு முடியவில்லை. அந்த வாரமே அவளைக் கோப்பன்ஹேகனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெரிய பங்கு வைத்திருந்த நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் வழக்கறிஞர். மற்றவர் பெயரை மட்டும் சொன்னார், என்ன வேலை என்று சொல்லவில்லை. மிகவும் மரியாதையான மனிதர். அவளுக்குக் கதிரையை இழுத்துவிட்டார். செப்டெம்பர் கடைசி என்றால் எந்த வாரம், அமைச்சரே சொன்னாரா, இராணுவத் தளபதிக்குத் தெரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்வி அவளை உறுத்தியது. எண்ணெய் விஷயத்தில் தளபதியை ஏன் கேட்க வேண்டும்? எழுந்து வந்திருக்கலாம். அவள் எழவில்லை. மந்திரிசபைக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்று அமைச்சரே சொன்னார் என்றாள். அதையும் சேர்த்துச் சொன்னாள்.

திரும்பிவரும் ரயிலில் ஜன்னலோரம் இருந்துகொண்டு, இனி வழக்கு வைப்பார்கள், நட்டஈடு கேட்பார்கள், பெரிய இடத்துச் சண்டை, எப்படியும் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சட்டம் பாராளுமன்றத்துக்கு வரவில்லை. அதற்குச் சில நாட்களுக்கு முன் லுவேராவின் தலைநகரில் டாங்கிகள் இறங்கின. சனாதிபதியைப் படுக்கையறை உடுப்போடு ஏற்றிக்கொண்டு போனார்கள். வானொலி நிலையத்தில் சுட்டதில் அறிவிப்பாளர்கள் செத்துப்போனார்கள். தளபதி தொலைக்காட்சியில் தோன்றி நாடு அமைதியாக இருக்கிறது என்றார். எல்லா எண்ணெய் ஒப்பந்தங்களும் அப்படியே மதிக்கப்படும் என்றார். புதிய அரசை ஒரு வல்லரசு அன்றைக்கே அங்கீகரித்தது. மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. செலஸ்த் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். "நிலைமை சீராகிவிட்டது," என்றார் மொர்டன். அடுத்த பெரிய கூட்டத்தில் லுவேராவின் கணக்கை நீயே விளக்கு என்றும் சொன்னார். சுஜாந்தினி கேக் தட்டோடு கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றாள். ஒரு வசனத்தால் ஒரு அரசாங்கம் விழுமா என்று கேட்டுக்கொண்டாள். விழாது. ஆட்கள் முன்பே ஆயத்தமாக இருந்திருப்பார்கள். காசும் ஆயுதமும் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும். அவர்களுக்கு நாள் மட்டும்தான் தெரியாமல் இருந்தது. அந்த நாளை அவள் குறித்துக் கொடுத்துவிட்டாள்.

அன்று பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் இவோனின் சப்பாத்து இருந்தது.

"பிள்ளை அங்க தனிய இருந்து அழுதுகொண்டிருக்கு," என்றான் துஷாந்தன். "நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தனான். மிதுஷான்ர அறையில இருக்கட்டும். நீர் ஒண்டும் சொல்லமாட்டீர் எண்டு தெரியும்."

"ஓம்," என்றாள் சுஜாந்தினி.

இவோன் அவர்கள் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தாள். துஷாந்தன் வேலைக்குப் போகுமுன் அவளுக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுப்பான். சுஜாந்தினி இடியப்பம் அவிப்பாள், தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவாள், புகலிடம் கேட்பதற்கு வழக்கறிஞரிடம் கூட்டிக்கொண்டு போவாள். எவ்வளவு செய்கிறாளோ அவ்வளவுக்கு இவோன் அவளோடு ஒட்டினாள். ஒருநாள் சமையலறையில் பின்னால் வந்து கட்டிப்பிடித்து, "நீங்கள் இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன்," என்றாள். சுஜாந்தினி அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்தது.

ஒக்டோபரில் செலஸ்த் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தது. ஆற்றைக் கடந்து பக்கத்து நாட்டுக்குப் போயிருந்தார். காணொளி அழைப்பில் அவருடைய முகத்தைக் கண்டதும் இவோன் திரையைத் தொட்டுத் தொட்டு அழுதாள். செலஸ்த் மெலிந்திருந்தார். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்.

"பஸ்கால்தான் எங்களை விற்றுவிட்டான்," என்றார்.

பஸ்கால் அவருடைய சாரதி. இவோன் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து அந்த வீட்டுக் கார் ஓட்டுகிறவர். "மந்திரிசபைக்கு வெளியே எங்கள் நாட்டில் நாள் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். காருக்குள் நான் தொலைபேசியில் பேசியதைக் கேட்டிருக்கிறான். கட்சிப் பெடியன்கள் அவன் வீட்டைக் கொளுத்திவிட்டார்களாம். கையை முறித்துவிட்டார்களாம். ஒரு தேவாலயத்தில் குடும்பத்தோடு ஒளிந்திருக்கிறானாம். எனக்கு இரக்கம் வரவில்லை."

"பஸ்கால் அப்படிச் செய்யமாட்டார் அம்மா," என்றாள் இவோன். "எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கினதே அவர்தான்."

"வேறு யார் மகளே? நீயே சொல்லு. வேறு யார்?"

சுஜாந்தினி இவோனுக்குப் பின்னால்தான் நின்றாள். அவளும் அந்தத் திரையின் ஒரு மூலையில் தெரிந்தாள். செலஸ்த் அவளைப் பார்த்து, "என் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாய். இதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை துஷாந்தனைக் கடற்கரைக்குக் கூப்பிட்டாள். காற்று பலமாக இருந்ததால் இருவரும் காரை விட்டு இறங்கவில்லை. கரையில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நான்கு பெரிய வெள்ளைச் சிலைகளின் காலடியில் ஒரு சிறுவர் கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். திங்கட்கிழமைக் கூட்டத்தைச் சொன்னாள், கோப்பன்ஹேகனைச் சொன்னாள்.

துஷாந்தன் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கவேயில்லை.

"அவை உம்மை வெருட்டினவையோ?"

"இல்லை."

"காசு கீசு?"

"இல்லை. ஒருத்தரும் ஒண்டும் தரேல்லை. நான் சொல்லேக்க எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தவை. அவ்வளவுதான்."

அவன் சிலைகளின் அடியில் நின்ற சிறுவர்களைப் பார்த்தான். பிறகு, "தவராஜா சித்தப்பாவைப் பற்றி உமக்குச் சொன்னனானோ?" என்று கேட்டான்.

"சண்டையில செத்தவர் எண்டு."

"சண்டையில இல்லை. லைற் போஸ்ற்றில கட்டிச் சுட்டவங்கள். ஆமிக்குத் தகவல் குடுத்தவர் எண்டு. கழுத்தில ஒரு மட்டை தொங்கினது. எனக்கு அப்பதான் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். நிண்டு வாசிச்சனான்." அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே சொன்னான். "கொஞ்சக் காலம் கழிச்சு ரெண்டு பேர் வீட்ட வந்தவங்கள். ஆள் மாறிப்போச்சு, குடுத்தது வேற ஒருத்தன் எண்டாங்கள். சித்தி அவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தவ."

சுஜாந்தினி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த வேற ஒருத்தன், எல்லாம் நடக்கேக்க ஊருக்குள்ளதான் இருந்திருக்கிறான். பாத்துக்கொண்டு. எனக்கு இண்டைக்கும் சுட்டவனை விட அவனிலதான் கோபம்."

"வேலை போயிடும், துஷா. கேஸ் போடுவாங்கள். வீட்டுக் கடன் இருக்கு. மிதுஷா..."

"போகும்," என்றான். "எனக்கும் பயம்தான். ஆனா அந்தச் சாரதி உயிரோட இருக்கேக்கையே சொல்லும், சுஜா."

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. காலையில் இவோனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு செலஸ்தை அழைத்தாள். முதலில் இவோனிடம் தனியாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தாள். இரண்டு தரம் சொல்லத் தைரியம் இருக்கவில்லை.

"பஸ்கால் இல்லை," என்றாள். "நான்தான்."

செலஸ்த் குறுக்கே பேசாமல் கேட்டார். இவோன் மெல்ல மெல்லக் கதிரையைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டு போனாள்.

"உன்னைக் கேட்டார்களா, நீயாகச் சொன்னாயா?"

"முதலில் நானாகச் சொன்னேன். பிறகு அவர்கள் கேட்டார்கள். அப்போதும் சொன்னேன்."

"நான் உன் வீட்டுத் தோட்டத்தில் இருந்து சொன்னது."

"ஓம்."

திரையில் செலஸ்த் எழுந்து போனார். வெறும் சுவர்தான் தெரிந்தது. தண்ணீர்க்குழாய் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் நனைந்திருந்தது. குரலில் கோபம் இருக்கவில்லை. வகுப்பில் பாடம் சொல்வதுபோல் இருந்தது.

"என்னிடம் சொன்னது போதாது. என்னிடம் சொன்னால் உனக்குத்தான் பாரம் குறையும். முகத்தைக் காட்டிப் பேசு. உன் பெயர், நிறுவனத்தின் பெயர், உன்னைக் கேட்டவர்களின் பெயர். நாங்கள் இங்கிருந்து வானொலி நடத்துகிறோம், அதில் போடுவேன். ஒவ்வொரு தொலைபேசிக்கும் அனுப்புவேன். அந்த மனிதனின் கையை முறிக்கச் சொல்லி நான் சொல்லவில்லை. ஆனால் பெயரைச் சொன்னது நான். அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன்னுடையதை நீ செய்."

இணைப்பு அறுந்தது. இவோன் அறைக்குப் போய் உடுப்புகளைப் பையில் அடுக்கினாள். கட்டில் விரிப்பைக் கழற்றி மடித்து வைத்தாள். வாசலில் நின்று சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"இவ்வளவு நாளும் எனக்கு ஏன் சாப்பாடு போட்டீர்கள்? நான் பாவம் என்றா? இல்லை, உங்களுக்கு ஆறுதலாக இருந்ததா?"

இரண்டும் உண்மை என்று சொல்லலாம். அதைச் சொல்லி என்ன பயன்? துஷாந்தன் இவோனை ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.

சுஜாந்தினி சாப்பாட்டு மேசையில் இருந்து, கைத்தொலைபேசிக்கு முன்னால் ஆங்கிலத்தில் பேசினாள். பெயர்களைச் சொன்னாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தது தனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதையும், மொர்டன் கோப்பி கொண்டுவந்து வைத்ததையும்கூட விடாமல் சொன்னாள். பொய் சொல்லாத ஆள் வேண்டும் என்று தன்னைக் கேட்டவருக்கு அதையாவது செய்வோம் என்று நினைத்தாள்.

காணொளி வெளியான அடுத்த நாள் காலையிலேயே அவளுடைய அலுவலக வாசல் அட்டை வேலை செய்யவில்லை. நிறுவனம் எல்லாவற்றையும் மறுத்தது. நாங்கள் எப்போதும் சட்டப்படியே நடந்தோம், முன்னாள் ஊழியரின் தனிப்பட்ட கற்பனைக்குப் பொறுப்பில்லை என்றது. இரண்டு பத்திரிகைகள் எழுதின. ஒரு பாராளுமன்ற உறுப்பினர் கேள்வி கேட்டார். வெளிநாட்டு அமைச்சர் பதில் சொன்னார். பிறகு பனிக்காலம் வந்தது, ஊர் வேறு கதைக்குப் போய்விட்டது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ராசமலர் அக்கா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உமக்கேன் பிள்ளை இந்த வேலை? வாயை வச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே," என்றார். எந்தத் தடவை சும்மா இருந்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சுஜாந்தினியும் கேட்கவில்லை.

லுவேராவில் தளபதி இன்னமும் இருந்தார். கிணறுகளில் எண்ணெய் வந்துகொண்டிருந்தது.

மிதுஷா லீவில் வந்தபோது அந்தக் காணொளியைத் தான் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். டெனிஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: அவர்கள் உன்னைத் திரும்பிப் பார்த்தது அவ்வளவு பெரிய விஷயமா, அம்மா? இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியாமல், ஓம் என்றாள் சுஜாந்தினி.

வசந்தம் தொடங்கும்போது இவோன் அழைத்தாள். வீட்டைவிட்டுப் போன பிறகு அதுதான் முதல் அழைப்பு. குரலில் ஈரம் இல்லை.

"பஸ்கால் உங்களோடு பேச வேண்டுமாம். அவருக்குப் பிரெஞ்சுதான் தெரியும். நான் மொழிபெயர்க்கிறேன். வேறொன்றும் இல்லை."

இரைச்சலுக்கு நடுவே ஒரு ஆணின் குரல் கேட்டது. சுஜாந்தினி எழுந்து நின்றாள். கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஒரு கை கோணலாகப் பொருந்திவிட்டது, இனிக் கார் ஓட ஏலாது, சந்தையில் மச்சானின் கடையில் நிற்கிறேன் என்றாராம் அவர். தன்னை மன்னிக்கும்படி அவள் சொல்லத் தொடங்கினாள். அவர் இடைமறித்தார்.

"அதற்காக எடுக்கவில்லையாம்," என்றாள் இவோன். "உங்கள் வீடியோவை ஊரில் எல்லோரும் பார்த்தார்களாம். இப்போது அவரைக் கண்டால் வணக்கம் சொல்கிறார்களாம். ஆனால், பாவம், பஸ்காலுக்கு ஒன்றும் தெரியாது, வெறும் சாரதி, அவனைப் போய் அடித்துவிட்டோமே என்கிறார்களாம்." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். எதிர்முனையில் அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "அது பிழையாம். தனக்குத் தெரியுமாம். என் அம்மா காருக்குள் பேசியதைக் கேட்டாராம். நாள் தெரியுமாம். தளபதியின் ஆள் ஒருவன் வீடு தேடி வந்து கேட்டானாம். சொல்லவில்லையாம். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லையாம். அதைச் சொல்ல ஒருவரும் இல்லையாம். தான் சொன்னால் பெருமை பேசுகிறான் என்பார்களாம். நீங்கள் சொன்னால் நம்புவார்களாம்."

இவோன் லைனில் இருந்தாள். அவள் மூச்சு விடுவது கேட்டது.

"சொல்கிறேன் என்று சொல்லுங்கள்," என்றாள் சுஜாந்தினி. "இன்றைக்கே."

இவோன் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அவர் திருப்பி ஏதோ சொன்னார்.

"அவருடைய தாய்க்குக் காது கொஞ்சம் மந்தமாம். தெளிவாகப் பேசட்டுமாம்." பிறகு, மொழிபெயர்க்காமல் தன் குரலிலேயே, "பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று நான் சொல்லித் தருகிறேன். எழுதிக்கொள்ளுங்கள்," என்றாள் இவோன்.

சுஜாந்தினி பேனை தேடினாள்.